அடங்கிப் போன வாயாடி

டயர்க்கடைக்காரர் யாரிடமும் கைகட்டி நின்றவர் இல்லை. மீசை முளைக்கும் முன்பே பஞ்சர் ஒட்டத் தொடங்கி, சொந்தக் கடை, காற்றடிக்கும் இயந்திரம், கைக்குக் கீழே ஆட்கள் என்று எழுந்து நின்ற மனிதர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் என்ன குறைந்துவிட்டது? லாரிக்காரர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள்.

அவருக்கு வாய்த்த மகனோ சரியான வாயாடி. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்புவான். ஒரு நாள் கடைக்கு வந்த பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தவன், நடந்து போன ஒருவரின் காலை ஒடித்துவிட்டான். எச்சரித்து வீட்டுக்கே அனுப்புவதாகத்தான் சிறுவர் நீதிமன்றத்து மாஜிஸ்திரேட் அம்மா சொன்னார். டயர்க்கடைக்காரர்தான் மறித்தார்.

"வேணாங்கம்மா. நெளிஞ்ச ரிம்மு தட்டினாத்தான் நேராகும். உள்ள போடுங்க."

சீர்திருத்தப் பள்ளிக்கு முதல் தடவை போனபோது மகன் தேம்பித் தேம்பி அழுதான்.

"படுக்கையிலேயே நனைச்சுடறேன்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க. கூட்டிட்டுப் போயிடுப்பா."

"ஆம்பளையா இருடா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த தடவை உதடு கிழிந்திருந்தது. பெரிய பையன்களை எதிர்த்துப் பேசினானாம். தூக்கமே இல்லை, காலடிச் சத்தம் கேட்டாலே நெஞ்சை அடைக்கிறது என்றான். அதற்குப் பிறகு அழுகை நின்றுபோனது. கைகளைப் பின்னால் கட்டி, தரையைப் பார்த்தபடி, எதைக் கேட்டாலும் "சரிங்க ஐயா" என்றான். விசில் அடித்ததும் சட்டென்று திரும்பி உள்ளே போனான்.

டயர்க்கடைக்காரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கடையில் மார்தட்டினார்.

"பெத்த அப்பனையே ஐயாங்கறான்டா! பாத்தீங்களா?"

"நாங்களும் ஐயான்னுதான் கூப்பிடறோம் முதலாளி. எங்களையும் நீங்கதான் பெத்தீங்களா?" என்றான் வேலையாள். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பாக்கப் போனப்ப எங்கூட ஒரு சண்டைகூடப் போடலீங்க அவன். புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு."

"உனக்கு எப்பப் பாரு புலம்பல்."

விடுதலையான அன்று மகன் வீட்டுக்குள் வந்து சுவரோரம் நின்றான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். சாப்பிடச் சொன்னதும் சாப்பிட்டான். தாய் ஆசை ஆசையாக அள்ளி வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பானையின் அடி தெரிந்தது. அவனுக்கு நெற்றி வியர்த்தது, கண் பிதுங்கியது, கை மட்டும் நிற்கவில்லை. திடீரென்று தட்டிலேயே வாந்தி எடுத்தான். எடுத்த கையோடு அதே தட்டில் மறுபடி கை வைத்தான்.

தாய் தட்டைப் பிடுங்கினாள். "போதும்னு சொல்ல வேண்டியதுதானடா கண்ணு!"

"எழுந்திரிக்க இன்னும் விசில் அடிக்கலீங்களே அம்மா."

டயர்க்கடைக்காரர் அவன் எதிரே மண்டியிட்டார். தன் துண்டாலேயே அவன் வாயைத் துடைத்தார்.

"டேய், என்னைத் திட்டுடா. நீதான அனுப்பினேன்னு கேளுடா. எதையாச்சும் எதிர்த்துப் பேசுடா!"

மகன் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்ன பேசணும்னு சொல்லுங்க ஐயா."