நெற்றிவரை வந்த கை

“…அதனால நீ தலைக்கு மேல தூக்கிச் சிரமப்பட வேண்டாம் மாப்பிள்ளை. சும்மா தொட்டுக் கொடு, போதும்,” என்றார் மச்சான்.

அன்று ஆயுத பூஜை. பெயின்ட் அடிக்கும் எங்கள் ஆட்கள் செட்டின் ஏணி, பிரஷ், பட்டித் தகடு எல்லாம் குங்குமம் வைத்து வரிசையாக நின்றன. சீலிங் அடிக்கும் என் நீளமான ரோலர் கம்பும் நின்றது. கற்பூரம் ஏற்றிய வெள்ளைப் பூசணி என் கையில்.

எங்கள் செட்டில் சீலிங் அடிக்கிறவன்தான் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றி ரோட்டில் உடைக்க வேண்டும். பன்னிரண்டு தசராவாக அது நான்தான். மச்சான் என் மனைவியின் அண்ணன், மேஸ்திரியும் அவரே. வலது தோள் இறுகிப்போய் எட்டு மாதமாக நான் தரையில் உட்கார்ந்து கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். தசராவுக்குப் பூசணிக்காயை உடைத்துக் காட்டினால் சீலிங் எனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று போன மாதமே சொல்லிவிட்டார்.

முதலில் வலியாகத்தான் வந்தது. சட்டை மாட்ட முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாது. நாங்கள் வேலை செய்த அக்ரஹாரத்து டீக்கடைக்காரர், “உங்க தோளுக்குக் கோபம் வந்திருக்குங்க, கொஞ்ச நாள் பேச்சுக் கொடுக்காதீங்க,” என்றார். சிரித்துவிட்டேன். டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி இறுகியிருக்கிறது, என்னைப் போல் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், வலி அடங்கும்வரை பலவந்தமாக இழுக்கக் கூடாது, சரியாக மாதக்கணக்கில் ஆகும்.

மாதக்கணக்கு என்றதும் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றி ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவர் என் அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுத்தார். நான் நகராதபடி மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பட்டி ஈரம் காயாமல் பெயின்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பும் என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் கறாராகச் சொன்னவன் நான். என் தோளுக்காக மட்டும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரியிடம் மாட்டேன் என்று சொல்ல எங்கள் செட்டில் யாருக்கும் வராது.

அதன்பிறகு வலி இரட்டிப்பானது. டாக்டர் திட்டிவிட்டு மூட்டுக்குள் ஊசி போட்டார். அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறி இறங்கியது. வலி மெல்லத் தணிந்தது, இறுக்கம் தங்கிவிட்டது. பிசியோதெரபி செய்யும் பெண், “ஸ்வல்ப ஸ்வல்பமா ஏறட்டும் அண்ணா,” என்று ‘கொஞ்சம் கொஞ்சமா’ என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொல்லி, சுவரில் விரல்களை நடக்கவிடப் பழக்கினாள். எட்டிய இடத்தில் தினமும் பென்சில் கோடு போடச் சொன்னாள். அடுத்தவன் வீட்டுச் சுவரில் கைரேகை பட்டாலே சண்டைக்குப் போகிறவன், என் வீட்டுச் சுவரையே கிறுக்கி வைத்தேன். கடைசிக் கோடு என் நெற்றி உயரத்தில் இருந்தது.

மச்சான் சொன்னதைக் காதில் வாங்காமல் பூசணிக்காயைத் தூக்கினேன். நெற்றிவரை வந்தது. கற்பூரத்தின் சூடு கண்ணில் பட்டது. அதற்கு மேல் தோள் வரவில்லை. இடுப்பை வளைத்து ஏமாற்றிப் பார்த்தேன். செட்டில் எல்லோரும் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு என் இடுப்பைப் பிடித்த அதே கைகளால் மச்சான் பூசணிக்காயை வாங்கிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். அவன் ஒரே சுற்றில் உடைத்தான். பிறகு மச்சான் வரிசையிலிருந்து என் ரோலர் கம்பை எடுத்து, அதிலிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அவனுடைய ஏணியில் சாய்த்து வைத்தார்.