கடற்காற்றில் ஓர் அரக்கு முத்திரை

மின்சார ஆபீஸ் வேலையில் மீட்டரைத் திருகியவரைப் பிடிப்பது எளிது. அதைக் கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் நாம்தான் திருகியவர் மாதிரி முழிப்போம். கோர்ட் படி ஏறி இறங்கியவர்களுக்கு இந்த வலி புரியும்.

ஒரு பெட்டி தீக்குச்சி

இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். எல்லா அறையிலும் ஏசி ஓட, மீட்டர் மட்டும் ஏகாதசி விரதம் இருந்தது. போய்ப் பார்த்தேன். மீட்டரை யாரும் திறக்காதபடி கட்டும் சீல் கம்பி அறுந்து கிடந்தது. மீட்டரைக் கழற்றித் துணியில் கட்டி, அங்கேயே அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் இந்தக் கடற்காற்றில் தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர் இல்லை. ஒரு பெட்டி தீர்ந்தும் அரக்கு இளகவில்லை. லாட்ஜ்காரர் முனியசாமிக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"ஏன் சார் அங்கன நின்னு மல்லுக்கட்டுறீங்க? உள்ள வாங்க, நம்ம அடுப்புலயே உருக்குங்க. அப்படியே ஒரு டீயும் குடிங்க."

கூண்டில் ஒரு கேள்வி

நாங்கள் போட்ட அபராதத்தை எதிர்த்து, உப்புக்காற்றில் கம்பி தானாக அறுந்தது என்று முனியசாமி இராமநாதபுரம் சிவில் கோர்ட்டில் எங்கள்மேல் வழக்குப் போட்டார். தோற்றால் எனக்கு மெமோ நிச்சயம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். முத்திரையை எங்கே வைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே, உள்ளதைச் சொன்னேன். அவருக்கு அன்றைக்கே தீபாவளி.

"யாரு மேல சந்தேகமோ அவுக அடுப்படியிலயே சாட்சிப் பொருளைக் கட்டியிருக்கீங்க. சரி, டீயில சீனி சரியா இருந்துச்சா?"

என் வீட்டு மீட்டர்

அந்த எரிச்சலில் வாயை விட்டேன். "உப்புக்காற்றில் சீல் கம்பி அறுந்துபோகுமா? என் வீடும் இதே தீவில், பாம்பனில்தான், வந்து பாருங்கள்" என்றேன். நேரில் பார்த்துவரக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் நிஜமாகவே வந்துவிட்டார். அவர் விரல் பட்டதும் என் வீட்டுச் சீல் கம்பி துருவாக உதிர்ந்தது. எனக்கு அழுகை வராத குறைதான். தீர்ப்பு முனியசாமிக்கு, மெமோ எனக்கு.

அதோடு விட்டார்களா? சீல் அறுந்த என் மீட்டரையும் கழற்றி முத்திரை வைக்க ஆபீசிலிருந்து செல்வத்தையே அனுப்பினார்கள். என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவன். வாசலில் நின்று குச்சி குச்சியாகக் கிழித்துப் பார்த்துவிட்டு, தலை குனிந்தபடி உள்ளே வந்தான்.

"கோவிச்சுக்கிறாதீக அண்ணே. மதினிய அடுப்பப் பத்த வைக்கச் சொல்லுங்க. டீ மட்டும் வேணாம்."

இந்தத் தீவில் திருடனோ யோக்கியனோ, அரக்கு உருக அவனவன் அடுப்பைத்தான் பற்றவைத்துத் தர வேண்டியிருக்கிறது.