காலி டியூப்பின் கோடு

ஹரோல்டின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். பழைய வேட்டியிலிருந்து கிழித்து, ஓரம் மடித்துத் தைத்த துணி. வேலைக்குப் போக மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பார். எதிரில் இருப்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால், கேட்காமலே அதையும் எடுத்துத் துடைத்து வைப்பார். அந்தப் பெட்டியில் அவருக்கு ‘லேம்ப் ரூம்’ என்றே பெயர்.

பெயருக்குக் காரணம் உண்டு. அப்பா இறந்தபின் அவருடைய இடத்தில் ஹரோல்டுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை கொடுத்தார்கள். கீழே அனுப்பவில்லை, லேம்ப் ரூமில் போட்டார்கள். ஷிப்ட் இறங்குகிறவர்கள் டோக்கனைக் கொடுத்துத் தலைவிளக்கை வாங்கிப் போவார்கள். கொடுக்கும் முன் கண்ணாடியை ஒருமுறை துடைக்க வேண்டும். காகிதத்தால் துடைக்கக் கூடாது, துவைத்த பருத்தித் துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். சில வருடங்களில் சுரங்கம் மூடியது. பழக்கம் ஹரோல்டோடு வெளியே வந்துவிட்டது. பெங்களூரில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் இடத்தில் அதுதான் அவருக்குச் சோறு போட்டது. பிறகு ஒயிட்ஃபீல்டில் உதய் என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு மாறினார்.

அங்கே செய்வது ரத்தத்திலிருந்து எடுத்த மரபணுத் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஒரு கருவி. தலைமுடி அளவு கண்ணாடி டியூப்கள் எட்டு, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சாம்பிள். மின்சாரம் கொடுத்தால் துண்டுகள் டியூப்புக்குள் ஓடும். சின்னது முந்தும், பெரியது பிந்தும். டியூப்களின் மேலுறையை ஓரிடத்தில் மட்டும் சுட்டு நீக்கியிருப்பார்கள். அந்த இடத்துக்கு ஜன்னல் என்று பெயர். அதன்மேல் ஊதா ஒளி விழும்போது, கடந்து போகிற துண்டில் ஒட்டியிருக்கும் சாயம் மின்னும். அந்த மினுக்கத்தைக் கேமரா பிடித்துத் திரையில் ஒரு மேடாகக் காட்டும். ஜன்னல்களைச் சுட்டு, சுத்தம் செய்து, வரிசையாகப் பதிப்பதுதான் ஹரோல்டின் வேலை.

கருவியில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு டியூப்பில் பலமான சாம்பிள் ஓடினால் அதன் வெளிச்சம் பக்கத்து டியூப்பின் கணக்கிலும் விழும். பக்கத்தில் இருப்பது மெலிந்த சாம்பிளாக இருந்தால் அதன் சின்ன மேடு அதில் மூழ்கிப்போகும். இதைச் சரிசெய்யத்தான் ஷோபாவை எடுத்தார்கள். அவளும் மாரிகுப்பம்தான், அதே ரயில், அதே பெட்டி. ஹரோல்டை அங்கிள் என்பாள். அவள் டியூப்களுக்கு நடுவே நிற்கும்படி மெல்லிய கறுப்புத் தடுப்பு ஒன்றைச் செய்தாள். ஒவ்வொரு டியூப்பும் தனிப் பள்ளத்தில் கிடப்பதுபோல் ஆக, வெளிச்சம் அந்தந்தப் பள்ளத்துக்குள்ளேயே நின்றது.

ஆனால் தடுப்பு வந்த சில நாட்களில் வேறொன்று தொடங்கியது. எட்டில் ஒரு டியூப்பைக் காலியாக விடுவார்கள்; வெறும் தண்ணீர்தான் அதில் ஓடும். அதன் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். அது எழுந்து நின்றது. இடையிடையே முள்முள்ளாகக் குத்தியது. மற்ற கோடுகளும் கூடவே உயர்ந்தன. சின்ன மேடுகள் முன்பைவிட மோசமாக மறைந்தன.

உதய் எல்லோரையும் கருவியைச் சுற்றி நிற்கவைத்துக் கேட்டார். “ஜன்னல்ல அழுக்கு இருக்குமா, ஹரோல்ட் சார்?”

ஹரோல்டுக்குச் சுருக்கென்றது. “நான் தொடைச்ச கண்ணாடி சார் அது. லேம்ப் ரூம்ல என் கண்ணாடிய நம்பி ஆளுங்க கீழ எறங்கினாங்க. வேற எங்கனா பாருங்க.”

வேறு பார்க்க ஒன்றுதான் இருந்தது. எல்லோர் பார்வையும் தடுப்பின்மேல் போய், அங்கிருந்து ஷோபாவின்மேல் போனது. திங்கட்கிழமை தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கோடு படுத்துவிட்டால் தடுப்பு வேண்டாம். ஷோபாவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. தடுப்பு வேண்டாம் என்றால் அவளும் வேண்டாம் என்பதை உதய் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஆண்டர்சன்பேட்டையில் ராஜப்பாவின் மளிகைக் கடையில் ஹரோல்ட் சாமான் வாங்கினார். நோட்டை நீட்டினார். ராஜப்பா கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கப் புதிதாக வாங்கிவைத்திருந்த சின்ன ஊதா விளக்கை ஏற்றி, அதனடியில் நோட்டைப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா ராஜப்பா, என்னையே சந்தேகப்படுறியா?”

“உன்ன இல்லண்ணா, நோட்ட.” ராஜப்பா சிரித்தார். “அட, நோட்ட உடு. உன் சட்டையப் பாருண்ணா! டியூப்லைட் கணக்கா எரியுது.”

ஹரோல்ட் குனிந்து பார்த்தார். கல்லாவின் மேல் வைத்த கையின் முழுக்கைப் பட்டி நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. பையிலிருந்து துணியை எடுத்து விளக்கடியில் பிடித்தார். அது இன்னும் பிரகாசமாக எரிந்தது. பிடித்த கையை உதறியபோது, துணியிலிருந்து விழுந்த பஞ்சு இழைகள் கறுத்த மரப்பலகையின் மேல் மின்மினிபோலக் கிடந்தன.

“எங்க வீட்ல துவைக்கிறது இப்டி வராது. அக்கா இன்னா போடுறாங்க?” என்றார் ராஜப்பா.

ஹரோல்ட் துணியைச் சுருட்டிப் பையில் வைத்தார். மனைவி எலைன் என்ன போடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளைத் துணிக்கென்று விற்கும், ஊதா ஒளியில் மின்னும் சாயம் கலந்த ஒயிட்னர். கம்பெனியில் கொடுக்கும் காகிதத்தை வெறுத்து, தடுப்பு வந்த வாரம்தான் அவர் கருவியின் ஜன்னல்களையும் இந்தத் துணிகளால் துடைக்க ஆரம்பித்திருந்தார். தடுப்பின் பள்ளங்களுக்கு நடுவே ஜன்னலைத் துடைப்பது நுணுக்கமான வேலை. அதற்குக் காகிதம் ஆகாது என்று அவரே முடிவு செய்துகொண்டார். “லேபுக்குப் போற துணி, நல்லா வெள்ளையா இருக்கட்டும்” என்று எலைனிடம் சொன்னவரும் அவர்தான். அவள் அந்தத் துணிகளுக்கு மட்டும் ஒயிட்னரை இரண்டு பங்காகப் போட்டாள். இழைகள் தடுப்பின் விளிம்பில் சிக்கி, ஊதா ஒளியில் எட்டு டியூப்புக்கும் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்திருக்கின்றன.

ஞாயிறு ஆராதனையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. பாட்டுப் பாடும்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எலைன் முழங்கையால் இடித்தாள். “இன்னாங்க, போலீஸ் புடிச்சாப்பல நிக்கிறீங்க?”

திங்கட்கிழமை ரயிலில் ஷோபா எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்கள் உப்பியிருந்தன. “அங்கிள், இன்னைக்கு ஜன்னல் தொடைக்கலயா?” என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டாள்.

“கை வலிக்குதும்மா.”

“நேத்தெல்லாம் தடுப்புக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எங்க தப்புன்னே தெரியல. எங்கேயோ வெளிச்சம் கசியுது. நான்தான் எதையோ பாக்காம உட்டுட்டேன்.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பங்காருப்பேட்டை வந்தது, கூட்டம் ஏறியது, அவர் சொல்லவில்லை. அதற்குள் அவர் மனதில் ஒரு வழி உருவாகியிருந்தது. மற்றவர்கள் வருவதற்குள் ஜன்னல்களை ஸ்பிரிட் போட்டு, கம்பெனிக் காகிதத்தால் துடைத்து, தடுப்பையும் கழுவிவிட்டால், அதைக் கழற்றும் முன் ஒருமுறை ஓட்டும்போதே கோடு தானாகப் படுத்துவிடும். யாருக்கும் எந்தத் தப்பும் வராது. தொல்லை வந்த மாதிரியே போய்விட்டது என்று இருந்துவிடும்.

ஸ்டேஷனிலிருந்து ஷோபாவை முந்திக்கொண்டு நடந்தார். சொன்னபடியே செய்தார். துடைத்த காகிதத்தைக் கருவியின் ஊதா விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அதில் இழைகள் எரிந்தன. மறுபடி துடைத்தார். எதுவும் எரியாதவரை துடைத்தார்.

உதய் வந்ததும் முதல் வேலையாகத் தடுப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்புறம் ஓட்டினார்கள். காலி டியூப்பின் கோடு தரையோடு தரையாகப் படுத்தது.

“அவ்ளோதான்,” என்றார் உதய். “தடுப்புதான். ஷோபா, ஐ ஆம் சாரி. மத்தியானம் பேசலாம்.”

ஷோபா திரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

ஹரோல்ட் கழற்றிவைத்த தடுப்பைக் காட்டினார். “சார், தடுப்பைத் திரும்ப மாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமே?”

“எதுக்கு? நேரம் இல்ல சார். கருவிய வாங்கப்போற ஆஸ்பத்திரிக்காரங்க இந்த வாரம் பாக்க வர்றாங்க.”

“சும்மா ஒரு தடவ...”

“காரணம் சொல்லுங்க.”

அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. பையிலிருந்து துணியை எடுத்தார். விளக்கடியில் நீட்டினார். அறையே கொஞ்சம் வெளுத்தது.

“இத வெச்சுதான் தொடைச்சேன். இன்னைக்குக் காலையில காகிதத்தால தொடைச்சிட்டேன். அதான் கோடு படுத்துச்சு. தடுப்பு மேல தப்பில்ல சார்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் அந்தத் துணியையே பார்த்ததால் அவர் வாய் மேலும் ஓடியது. “வீட்ல துவைக்கிறப்போ ஒயிட்னர் போட்டுட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது, பொம்பளைங்க...”

“அங்கிள்.” ஷோபா இன்னும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அதையும் பக்கத்து டியூப் மேல தள்ளாதீங்க.”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஹரோல்டுக்குக் காது சுட்டது. துணியை மடித்துப் பையில் போட்டார்.

“நான்தான்,” என்றார். “நான்தான் நல்லா வெள்ளையா வேணும்னு கேட்டேன். சனிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. ரயில்லகூடச் சொல்லல.”

உதய் திட்டவில்லை. “மாட்டுங்க,” என்று தடுப்பைக் காட்டினார். “நீங்க வேணாம். ஷோபா மாட்டட்டும்.”

ஷோபா மாட்டினாள். காலி டியூப் படுத்தேயிருந்தது. அதற்குப் பக்கத்தில், பலமான சாம்பிளை ஒட்டி ஓடிய மெலிந்த சாம்பிளின் சின்ன மேடு, இத்தனை நாள் யாரும் பார்க்காதது, தனியாகத் தெரிந்தது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஹரோல்டும் தட்டலாமா என்று யோசித்து, கையைக் கீழே விட்டார்.

திரும்பும் ரயிலில் ஷோபா வேறு பெட்டியில் ஏறினாள்.

வீட்டில் எலைன் அடுத்த வாரத்துக்கான துணிகளை இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருந்தாள். ஹரோல்ட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் பெயரை இழுத்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.

எலைன் அடுக்கிய துணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எனக்கு ஒண்ணுமில்ல. நான் அங்க வரப்போறதில்ல. அந்தப் பொண்ணு ரெண்டு நாள் சோறு துன்னுருக்குமா? ரயில்ல எதிர்ல உக்காந்துகினு எப்டிங்க வாய மூடிகினு போனீங்க?”

அன்று எலைன் பேசியது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஷோபாவின் வேலை நிரந்தரமானது. ஜன்னல் சுடும் வேலை ஹரோல்டிடமே இருக்கிறது. ஆனால் துடைத்தபின் ஷோபா ஊதா விளக்கில் பார்த்துச் சரி சொன்னால்தான் பதிக்கலாம். இது ஹரோல்டே கேட்டுக்கொண்ட ஏற்பாடு என்று கம்பெனியில் சிலர் நினைக்கிறார்கள். அவர் கேட்கவில்லை, உதய் போட்ட உத்தரவு அது. யாராவது அவரைப் பாராட்டும் தொனியில் பேச்செடுத்தால், “இல்ல, எனக்குப் போட்ட உத்தரவு” என்று திருத்திவிடுகிறார்.

மாரிகுப்பத்து ரயிலில் ஷோபா பழைய பெட்டிக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் எதிர் இருக்கைக்கு அல்ல. அங்கிள் என்று கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. வேலை நேரத்தில் மட்டும் பேசுகிறாள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன், ஜன்னல்களின் மேல் குனியும்போது, ஹரோல்டின் வலது கை இன்றும் தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பாதி வழியில் ஷோபா அதைப் பார்க்கிறாள் என்பது தெரிந்ததும் நிற்கிறது.

“காலிதானே?” என்று கேட்பாள்.

அவர் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். “காலிம்மா.”

அவள் தலையாட்டிவிட்டு விளக்கை ஏற்றுவாள்.