ஆணியில் தொங்கிய சாக்கு

சாக்குத் தைக்கிற வேலையில் ஊசி குத்தாத நாள் கிடையாது. குத்தியதைப் பார்க்க நேரமும் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி தின்றே நாளை ஓட்டிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில்தான் மலாயாவில் கிள்ளான் ஆற்றோரம் ஓர் அரிசிக் கிடங்கில் பெண்கள் நாங்கள் பத்துப் பேர். மயங்கி விழுந்தால் மறுநாள் வேலையில்லை; வேலையில்லை என்றால் அரிசியில்லை.

வெள்ளைக் காசு

ஒருநாள் கிழிந்த சாக்கு ஒன்றை உதறினேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி ஓடியது. வயிற்றடியில் வெள்ளைக் காசு மாதிரி முட்டைப் பை. ஓட்டத்திலும் அதை விடவில்லை. மரக்கட்டைச் செருப்பைக் கழற்றி ஓங்கினேன். காப்பார் பக்கமிருந்து நடந்தே வேலைக்கு வருகிற அஞ்சலை, சாக்கைப் பிடுங்கிக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

"அடிக்காதீங்கக்கா. மாசமா இருக்கிறவ எப்படி ஓடுறா பாருங்க."

எட்டுக் கால், ரெண்டு கால்

கிடங்கில் கரப்பான்களுக்குப் பஞ்சமில்லை. மூக்குக்கு முன்னால் போனாலும் அந்தச் சிலந்தி தொடவில்லை. பையை விட்டால்தானே பிடிக்க முடியும்? நாளுக்கு நாள் அதன் உடம்பு சுருங்கியது. அஞ்சலையும் அப்படித்தான். மத்தியானம் கொடுக்கிற கிழங்கை முந்தானையில் முடிந்து பிள்ளைக்குக் கொண்டுபோவாள். கேட்டால் பல்வலி என்பாள். பத்து நாளாகப் பல்வலி. ஊசி கோர்க்கவே நாலைந்து தரம் முயல்வாள். எப்போது சாய்வாளோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை.

எங்களை மேய்க்கிற மண்டோர் கோபக்காரர். ஆணியில் ஏன் சாக்கு தொங்குகிறது என்று கேட்டார். பயத்தில் சிலந்தி, முட்டை, பட்டினி என்று எல்லாவற்றையும் உளறிவிட்டேன். சாக்கைப் பிரித்துப் பார்த்தார். பிறகு அஞ்சலையின் முந்தானை முடிச்சைப் பார்த்தார்.

"அதுக்கு எட்டுக் காலு, விழாது. உனக்கு ரெண்டுதான். தின்னுட்டுத் தைம்மா."

பல்வலி போனது

அவர் நின்றவரை ஒரு வாய் மென்றாள். தலை மறைந்ததும் மிச்சத்தை முடிந்துகொண்டாள்.

நாலைந்து நாளில் பை பிரிந்தது. கடுகு இறைத்தாற்போல் குஞ்சுகள் சாக்கெல்லாம் ஓடி, சுவரேறி, எங்கெங்கோ போய்விட்டன. தாய் மட்டும் சருகாக ஒட்டிக்கொண்டிருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் பார்த்தால், ஒரு பெரிய கரப்பானைப் பிடித்து வைத்துத் தின்கிறது. அஞ்சலை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கிழங்கைப் பிள்ளைக்கு முடிந்துகொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கிழங்குக்குக் கை நீட்டினாள்.

"என் புள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் என்னால பட்டினி கெடக்க முடியாதுக்கா. ஒரு துண்டு குடுங்க."

அந்தக் கிடங்கில் நான் தைத்த சாக்கெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது, அஞ்சலையின் பல்வலி மட்டும் மறுநாளிலிருந்து எனக்கு வந்துவிட்டது.