பூட்டி வைத்த சோதனைக் கருவி

சிராங்கூன் சாலையில் மின்பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். தொழிலாளருக்குத் திறன் போதாது என்று வணிகர் கூட்டங்களில் ஏளனமாகப் பேசிக் கைதட்டல் பெற்றவன் நான். பணி முடிந்ததும் மின்னிணைப்பைச் சோதிப்பது என் வழக்கம். அன்று அத்தகைய கூட்டமொன்றில் முழங்க வேண்டியிருந்ததால் நான் செல்லவில்லை. பாசிர் ரிஸ் வீடொன்றில் என் ஊழியர் செல்வம் தாமே பணியை முடித்து மின்சாரம் கொடுத்துவிட்டார். குளியலறைக் குழாயைத் தொட்ட அவ்வீட்டு மூதாட்டி, மின்னதிர்ச்சியில் கீழே விழுந்தார். நல்வாய்ப்பாக உயிர் பிழைத்தார்.

நான் விரைந்து சென்று பார்த்தேன். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் எர்த் கம்பி இணைப்பிலிருந்து கழன்றிருந்தது.

"முட்டாள்! டெஸ்ட் பண்ணாமலா சுவிட்ச போட்ட?" என்று வீட்டார் முன்னிலையிலேயே சீறினேன்.

செல்வம் நிமிர்ந்து பார்த்தார். "டெஸ்டரத்தான் நீங்க பூட்டி வச்சிருக்கீங்களே, முதலாளி. உனக்கெல்லாம் எங்க புரியப்போவுதுன்னு ஒன்பது வருஷமா தொடவே விடலையே?"

மூதாட்டியின் மகள் கசப்புடன் கேட்டார்: "அப்போ முட்டாள் யாரு லா?"

நான் கொண்டுவந்திருந்த சோதனைக் கருவியைச் செல்வத்திடம் நீட்டினேன். எந்த முனையை எங்கே வைப்பது, எந்த அளவு காட்டினால் ஆபத்து என்று விளக்கினேன். அவரே பழுதைச் சீராக்கி, இருமுறை சோதித்த பின்னரே மின்சாரம் கொடுத்தார்.

விளக்குவதற்குப் பத்து நிமிடங்களே ஆயின. அந்தப் பத்து நிமிடங்களை ஒன்பது ஆண்டுகளாக ஈயாதிருந்தவனைவிட இழிந்த முதலாளியை நான் இதுவரை கண்டதில்லை.