தொடக்கூடாத பட்டன்

என் தங்கச்சி கம்ப்யூட்டர் கேம் செய்யறவ. எங்க அப்பா டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு பேரும் ஒரே மேஜையில சாப்பிட உக்காந்தா போச்சு, வீடு ரெண்டாயிடும்.

"படம்னா ஒருத்தன் வரைஞ்சு முடிச்சு வைக்கணும். கண்டவனும் பட்டனை அமுக்கி மாத்தறதுக்குப் பேரு கலையா?" இது அப்பா.

"மாத்த முடியறதுதாம்ப்பா இதுல விஷயமே." இது அவ.

நடுவுல மாட்டிக்கிட்டது நான். யார் பக்கம் பேசினாலும் வாங்கிக் கட்டிக்கணும்.

அம்மாவுக்கு ஞாபகம் போன பிறகு, சாயங்காலம் அவங்களை வெளியில கூட்டிட்டுப் போனது தங்கச்சிதான். கையை விட்டா அம்மா அப்படியே ரோட்டுல நின்னுடுவாங்க. "அவர் எங்க, அவர் எங்க"ன்னு சுத்திச் சுத்தி அப்பாவைத் தேடுவாங்க. அப்பாவோ ஒரு நாளும் கூடப் போனதில்ல. "என்னால பாக்க முடியலம்மா"ன்னு கதவைச் சாத்திட்டு உள்ள வரைஞ்சிட்டு இருப்பார்.

அம்மா கண்ணை மூடின பிறகு தங்கச்சி ஒரு கேம் செஞ்சா. ஒரு தெரு, ஒரு வயசான அம்மா, ஒரே ஒரு பட்டன். அழுத்திட்டே இருந்தா நம்ம கையைப் பிடிச்சிட்டு நடப்பாங்க. விட்டா நின்னு, சுத்திப் பாப்பாங்க. ஜெயிக்கறது தோக்கறது ஒண்ணும் கிடையாது. நான் ஆடினப்ப விரல் வலிச்சும் எடுக்க மனசு வரல, அழுதுட்டேன்.

அப்பா தொடவே மாட்டேன்னுட்டார். "அது உங்கம்மா இல்ல, பொம்மை." ஒரு தடவையாவது அவர் அந்தக் கையைப் பிடிக்கணும், தங்கச்சிக்கு வேற ஆசையே இல்ல.

"மியூசியத்துல வெச்சா வந்து பாக்கறேன்"னு ஒரு நாள் அப்பா நக்கலா சொன்னார். இவ அதையே பிடிச்சுக்கிட்டா. நாயா அலைஞ்சா. இதெல்லாம் கலையான்னு அங்கேயும் அதே பஞ்சாயத்து. கடைசில எப்படியோ ஒத்துக்கிட்டாங்க.

சொன்ன சொல் தவறாம அப்பா இஸ்திரி போட்ட சட்டையோட வந்தார். உள்ள போய்ப் பாத்தா, திரை, பட்டன் எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க! முன்னாடி கயிறு வேற. பாவிங்க. அழுத்த ஆள் இல்லாம திரையில அம்மா சுத்திச் சுத்திப் பாத்துட்டு நின்னாங்க.

அப்பா ரொம்ப நேரம் பாத்தார். கண்ணு கலங்கிடுச்சு. "அச்சு அசல் அவளேதான். யாரைத் தேடறா?"

"உங்களைத்தாம்ப்பா. அந்தப் பட்டனை அழுத்தினா நீங்க கையைப் பிடிச்சுக்கலாம்"னா தங்கச்சி.

கயித்தைத் தாண்டி அப்பா கையை நீட்டினார்.

"ஐயா, தொடாதீங்க"ன்னார் காவலுக்கு நின்னவர். வாழ்நாளெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு, படத்தைத் தொடாதேன்னு அதையே சொன்ன மனுஷன், சட்டுனு கையை இழுத்துக்கிட்டார். தங்கச்சி கத்தினா, கெஞ்சினா. "எல்லாரும் தொட விட்டா அப்புறம் அது வெறும் விளையாட்டுதானேம்மா"ன்னுட்டார் மியூசியம் மேனேஜர்.

வீட்டுக்கு வந்ததும் அவ லேப்டாப்பைத் திறந்து அப்பா முன்னாடி வெச்சா. "இங்க அழுத்துங்கப்பா. ஒரே ஒரு தடவை."

அப்பா அவ தலையைத் தடவினார். "நீ சொன்னதுதாம்மா சரி. அது கலைதான், ஒத்துக்கறேன். தொட்டுக் கெடுக்க வேண்டாம்." உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

இத்தனை வருஷச் சண்டையில என் தங்கச்சி ஜெயிச்சுட்டா. லேப்டாப்பை மூடக்கூட கை வராம உக்காந்திருந்தா. திரையில அம்மா இன்னும் அவரைத் தேடிட்டுதான் நின்னாங்க.