பெர்லின் காகத்துக்கு வைத்த சோறு

இந்த ஊர்க் காகத்துக்குச் சோறு தெரியவில்லை. பெர்லினுக்கு வந்த புதிதில், மகள் வீட்டுப் பால்கனியில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காகம் வந்தது. தலையும் இறக்கையும் கறுப்பு. உடம்பு மட்டும் சாம்பல் நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர் போட்டதுபோல இருந்தது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. அலகால் ஒரு பருக்கையைத் தள்ளிவிட்டுப் பறந்து போய்விட்டது. திண்டிவனத்தில் எந்தக் காகமும் என்னை இப்படி அவமதித்ததில்லை.

உண்மையில் திண்டிவனத்தில் காகத்துக்குச் சோறு வைத்தது என் மனைவி சரோஜா. நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் காலை ரயிலில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியச் சாப்பாடு வீட்டில். அன்றைக்கும் மாடிக் கைப்பிடிச் சுவரில் சோறு வைத்து, காகம் வந்து எடுத்த பிறகுதான் எனக்கு இலை விழும். "காக்கா துன்னாதான் புருஷனுக்குச் சோறா?" என்று பசியில் கத்துவேன். "காக்கா துன்னுட்டு உப்பு இல்லன்னு சொல்லாதுங்க" என்பாள். முன்னோர்கள் காகமாக வருகிறார்கள் என்பதை நான் நம்பியதில்லை. அவளும் அப்படியொன்றும் நம்பியதாகத் தெரியவில்லை. வைக்காமல் சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் போய்ச்சேர்ந்தபின் மகள் கவிதா என்னை இங்கே அழைத்து வந்தாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்ட முதல் மதியம் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. எழுந்துபோய்ப் பால்கனிக் கதவைத் திறந்தேன்.

எங்கள் கட்டடத்துக்கு நடுவில் ஒரு முற்றம் உண்டு. சைக்கிள்கள், குப்பைத் தொட்டிகள், ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க ஐவிக்கொடி. தரைத்தளத்தில் இருக்கும் ஹெல்கா என்னும் அம்மாள் அந்தப் பெஞ்சில் கழுத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார். மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், என் வயதுதான். அவருடைய ஆங்கிலமும் என் ஜெர்மனும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்ததால் எங்களுக்குள் சுலபமாக ஒத்துப்போனது. முற்றத்துக்கு வரும் பறவைகளின் ஜெர்மன் பெயர்களை அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். மஞ்சள் மார்பில் கறுப்பு டை கட்டியிருப்பது கோல்மைசே. கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட தடித்த புறா ரிங்கல்டௌபே. நீண்ட வாலை இழுத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் திரிவது எல்ஸ்டர். ஸ்வெட்டர் போட்ட காகத்துக்கு நேபல்கிரே என்று பெயர். சிட்டுக்குருவியை மட்டும் அவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்து டீக்கடையில் பிஸ்கட் தூள் பொறுக்கும் அதே குருவி இங்கே ரொட்டிக்கடை வாசலில் பொறுக்கிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

விடிவதற்கு முன்பே கூரையில் உட்கார்ந்து பாடும் ஒரு கறுப்புப் பறவையைப் பார்த்து, குயில் என்று முடிவு கட்டி ஓமந்தூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "இன்னாண்ணா சொல்ற? அந்தக் குளுருல குயிலா? போர்வ போத்திக்கினு பாடுதா?" என்று சிரித்தான். ஹெல்கா திருத்தினார். மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், அது ஆம்சல். பெண் பறவை மண் நிறம். முப்பது வருடத்துக்கு மேல் திண்டிவனத்தில் இருந்தும் காகம், குயில், மைனா தவிர எந்தப் பறவையின் பெயரையும் கேட்காமலே வாழ்ந்திருக்கிறேன் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

இனி என் தவறைச் சொல்கிறேன். நம்மவர்களில் இன்னும் சிலர் பால்கனியில் இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கலாம் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். சோற்றைச் சீண்டாத காகத்தை வரவழைக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்ட களத்தில் காகத்தை விரட்டி வளர்ந்தவன் நான். வறுத்த மல்லாட்டையை உடைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். அன்றே வந்தது, மறுநாள் ஜோடியாக வந்தது. சில நாட்களில், நான் தட்டு எடுக்கும் சத்தத்துக்கே எதிர்க்கூரையில் இருந்து இறங்கத் தொடங்கின. கவிதா ஒருநாள் பருக்கையைப் பார்த்துவிட்டாள். "அப்பா, பால்கனில சோறு வெக்கக் கூடாதுப்பா. ஹவுஸ் ரூல்லயே போட்டுக்கிறாங்க. யாராச்சும் பாத்தா பேஜாரு" என்றாள். சரி என்றேன். அதன் பிறகு அவள் வருவதற்குள் பால்கனித் தரையையும் கம்பியையும் துடைத்துவைக்கப் பழகிக்கொண்டேன். பொய் சொன்னேன் என்று எழுதுவதுதான் நேர்மை.

அந்த வசந்தத்தில் ஆம்சல் ஜோடி ஐவிக்கொடிக்குள், எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, கூடு கட்டியது. கண்டுபிடித்தவர் ஹெல்கா. அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்தாதீர்கள் என்று எழுதி ஒட்டினார். கட்டடம் முழுக்கவே மெதுவாக நடந்தது. குஞ்சு பொரித்த அன்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண்போலக் குதித்தார். நானும் மகிழ்ந்தேன். மேலே சோறு வைத்தால் கீழே என்ன நடக்கும் என்று கணக்குப் போடத் தோன்றவில்லை. காரணமும் விளைவும் பற்றி ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவனுக்கு!

ஒரு மதியம் காகம் சோற்றைத் தின்று முடித்துக் கம்பியில் அலகைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தது. ஆம்சல் இரை கொண்டுவந்து கொடிக்குள் நுழைந்தது. காகம் அதையே கவனித்துக்கொண்டிருந்தது. பிறகு கல் விழுவதுபோல் இறங்கியது. அதன் ஜோடியும் பின்னால் வந்தது. "ஏய்! ச்சூ! ஓடு!" என்று தமிழில் அலறி, கையில் இருந்த கரண்டியை வீசினேன். அது குப்பைத் தொட்டியில் மோதிப் பெரிய சத்தம் எழுப்பியது. எல்லாம் முடிந்த பிறகுதான் எழுப்பியது. ஆம்சல் இரண்டும் டிக் டிக் டிக் என்று நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தன.

ஹெல்கா வெளியே ஓடிவந்து வெறும் கூட்டையும், கீழே கிடந்த கரண்டியையும், மேலே நின்ற என்னையும் பார்த்தார். மறுநாள் ப்ளம் கேக்கோடு கதவைத் தட்டினார். "நீங்கள் மட்டும்தான் காப்பாற்றப் பார்த்தீர்கள்" என்றார். அதற்குள் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் தோளைத் தட்டினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். கேக்கையும் தின்றேன், நன்றாகவே இருந்தது. அன்று இரவு கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிக்கினு நிக்காதீங்கப்பா. உங்களுக்கு இங்க இருக்கிற ஒரே சிநேகிதம் அவங்கதான். அதையும் ஒடச்சிக்கப் போறீங்களா?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார என்னால் முடியவில்லை. ஜன்னலில் இருந்து அவர் கையசைத்தால் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். சொல்லாமல் அவர் நட்பைக் காப்பாற்றிக்கொள்வதும், சொல்லி இழப்பதும் ஒன்றுதான் என்று ஆனபின் இறங்கிப் போனேன்.

"காகத்தை இங்கே பழக்கியது நான். தினமும் சோறு வைத்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "செல்லப்பிராணியாகவா?"

"இல்லை. எங்கள் ஊரில் நாங்கள் சாப்பிடுவதற்கு முன் காகம் சாப்பிட வேண்டும். இறந்தவர்கள் காகமாக வருவார்கள் என்பார்கள். என் மனைவி வைப்பாள். இப்போது அவள் இல்லை, அவளுக்காக நான் வைக்கிறேன்."

"உங்கள் மனைவி அந்தக் காகத்தில் இருக்கிறாரா?"

இல்லை என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்றேன். அவர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். கதவைச் சத்தமில்லாமல் மூடினார். அது அறைந்து சாத்துவதைவிட மோசமாக இருந்தது.

பல நாட்கள் பேச்சில்லை. தம்பியிடம் புலம்பினேன். "உடுண்ணா. அண்ணிக்கு இங்க நான் வெக்கிறேன். நம்மூட்டுக் காக்கா மல்லாட்டல்லாம் கேக்காது. வெறுஞ்சோத்துக்கே அடிச்சிக்கினு வருது" என்றான். சொன்னபடி அடுத்த அமாவாசையிலிருந்து வைக்கிறான். சோற்றைப் படம் எடுத்து வாட்ஸப்பிலும் அனுப்புகிறான். இங்கே நான் நிறுத்திவிட்டேன். கோடை தொடங்கும்போது ஒரு காலை ஹெல்கா கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எதிர்ச்சுவரைக் கைகாட்டினார். ஆம்சல் வாயில் காய்ந்த புல்லோடு கொடிக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போனேன். பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். சரோஜா என்றேன். அவருக்கு அது சரியாக வரவில்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.

இப்போது குஞ்சுகள் பொரித்துவிட்டன. எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். மதியம் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சாப்பிடுகிறேன். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டதும் காகம் இன்னும் வருகிறது. கம்பியில் உட்கார்ந்து, மூடிய கண்ணாடிக் கதவை அலகால் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கிறது. நான் சோற்றின் முன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திண்டிவனத்தில் காகம் தின்ற பிறகு சாப்பிட்டோம். இங்கே அது அலுத்துப்போய்க் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, ஆறிப்போன சோற்றில் கை வைக்கிறேன்.